அல்ஸ்டர் குடியேற்றம்: குத்தகைக்காரருக்கு என்னென்ன நிபந்தனைகள் இருந்தன?

கரிசல்காட்டான்:

அயர்லாந்தின் வட பகுதியான அல்ஸ்டரில் 1600-களில் நடந்த பிளாண்டேஷன், அதாவது அரசே நிலத்தை எடுத்து வெளியாரைக் குடியேற்றிய திட்டம் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். "ஐரிஷ்காரர்களை விரட்டிவிட்டு ஆங்கிலேயரையும் ஸ்காட்லாந்துக்காரரையும் குடியேற்றினார்கள்" என்று பல புத்தகங்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. சரி என்று பக்கத்தைப் புரட்டினால், 1641-இல் கிளர்ச்சி வெடிக்கும்போது அதே நிலங்களில் ஐரிஷ்காரர்கள் உழுதுகொண்டும் மாடு மேய்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். விரட்டப்பட்டவர்கள் எப்படி அங்கேயே இருந்தார்கள்?

அப்புறம் குத்தகைக் கணக்கு. "மூன்று ஆயுள் அல்லது 21 வருடம்" என்று அடிக்கடி வருகிறது. யாருடைய ஆயுள்? குத்தகைப் பணம் தவிர வேறென்ன கொடுக்க வேண்டியிருந்தது? அரசர், போர் கதையெல்லாம் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. நிலத்தில் நின்றவனுக்கு என்ன நிபந்தனை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:

போர்க்கதையில் இரண்டு வரி மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். 1607 செப்டம்பரில் டைரோன் பிரபு ஹியூ ஓ'நீலும் டிர்கானல் பிரபு ரோரி ஓ'டானலும் ராத்முல்லனில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். 1608-இல் காஹிர் ஓ'டோஹர்ட்டி டெர்ரியை எரித்தார். இதையெல்லாம் காரணமாக வைத்து அர்மா, கேவன், கோல்ரெய்ன், டொனகால், ஃபெர்மனா, டைரோன் ஆகிய ஆறு மாவட்டங்களை முதலாம் ஜேம்ஸின் அரசு எடுத்துக்கொண்டது. ஆன்ட்ரிமும் டவுனும் இதில் சேராது. அங்கே ஹாமில்டன், மான்ட்கோமரி என்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் 1606-இலேயே தனியாகக் குடியேற்றத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

1609-இல் நிபந்தனைகள் அச்சாகி, 1610-இல் திருத்தப்பட்டன. நிலம் 1000, 1500, 2000 ஏக்கர் என மூன்று அளவுகளில் பங்கிடப்பட்டது. வாங்கியவர்கள் மூன்று வகை. இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்து குடியேற்றப் பொறுப்பை ஏற்ற அண்டர்டேக்கர்கள் முதல் வகை. அயர்லாந்தில் அரசுப் பணியோ படைப்பணியோ பார்த்த செர்விட்டர்கள் இரண்டாவது. அரசுக்கு வேண்டியவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஐரிஷ்காரர்கள் மூன்றாவது.

1000 ஏக்கருக்கு அரசுக்குக் கட்ட வேண்டிய வருடத் தீர்வை: அண்டர்டேக்கருக்கு 5 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். ஐரிஷ் குடிகளை வைத்துக்கொள்ளும் செர்விட்டருக்கு 8 பவுண்டு. ஐரிஷ்காரருக்கு 10 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். பென்ஸாக மாற்றிப் பார்த்தால் 1280, 1920, 2560. அதாவது 2:3:4. சொந்த ஊர்க்காரன் வெளியூர்க்காரனைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும். இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

அண்டர்டேக்கர் தன் நிலத்தில் ஐரிஷ் குடிகளை வைத்துக்கொள்ளக் கூடாது. 1000 ஏக்கருக்கு 18 வயது நிரம்பிய 24 பிரிட்டிஷ் ஆண்களைக் குடியமர்த்த வேண்டும். அவர்கள் குறைந்தது 10 குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். 300 ஏக்கர் அவருடைய சொந்த அனுபவத்துக்கு. இரண்டு பேருக்கு ஆளுக்கு 120 ஏக்கர் நிரந்தரக் குத்தகை. மூன்று பேருக்கு ஆளுக்கு 100 ஏக்கர், மூன்று ஆயுளுக்கு அல்லது 21 வருடத்துக்கு. மிச்சத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்கள்: சிறு விவசாயிகள், கைத்தொழிலாளர்கள், குடிசைவாசிகள்.

குறிஞ்சி:

கூட்டிப் பார்த்தேன். 300 + 240 + 300 = 840. மிச்சம் 160 ஏக்கர். அதில்தான் நாலு குடும்பமா? கொல்லன், தச்சன், கூலியாள் எல்லாரும் அந்த மூலைக்குள்ளேயா?

ஏட்டுச்சுவடி:

காகிதத்தில் அப்படித்தான். முதலாளி குடும்பம் 1, நிரந்தரக் குத்தகை 2, ஆயுள் குத்தகை 3, சிறு குடும்பங்கள் 4. பத்து வந்துவிட்டது. யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து வகுத்த கிராமம் இது. வீடுகளையும் கோட்டைக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கட்ட வேண்டும், சிதறி இருக்கக் கூடாது என்பது விதி. தாக்குதல் வந்தால் எல்லாரும் சேர்ந்து நிற்க வேண்டுமாம். ஆனால் வயல் ஒரு மைல் தள்ளி இருக்கும்போது எந்த விவசாயி கோட்டை வாசலில் வீடு கட்டுவான்? பெரும்பாலோர் தங்கள் வயலிலேயே கட்டிக்கொண்டார்கள்.

முதலாளி கட்ட வேண்டியது: 2000 ஏக்கர் என்றால் ஒரு கோட்டையும் அதைச் சுற்றி மதிலும். 1500 என்றால் கல் அல்லது செங்கல் வீடும் மதிலும். 1000 என்றால் குறைந்தது மதில் சூழ்ந்த ஒரு முற்றம். இந்த முற்றத்துக்குப் 'பான்' என்று பெயர். ஆபத்து வந்தால் மாட்டையும் மனிதரையும் உள்ளே அடைக்கலாம். கட்டுவதற்கான மரத்தை இரண்டு வருடம் அரசின் காடுகளில் இலவசமாக வெட்டிக்கொள்ளலாம். குடிகளுக்கு ஆயுதம் வாங்கி வைக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அணிவகுப்பு காட்ட வேண்டும். முதல் ஐந்து வருடம் நிலத்திலேயே தங்க வேண்டும், விற்கக் கூடாது. அரசரே திருச்சபையின் தலைவர் என்று சத்தியமும் செய்ய வேண்டும்.

பெல்ஃபாஸ்ட்வாசி:

இங்கே பக்கத்தில் இருப்பதால் சொல்கிறேன். அந்தப் பான்கள் சில இன்னும் நிற்கின்றன. டெர்ரி மாவட்டத்தில் பெல்லாஹி என்ற ஊரில் லண்டன் வின்ட்னர்ஸ் கம்பெனியின் நிலத்துக்காக 1619 வாக்கில் எழுப்பிய ஒன்று இருக்கிறது. வட்டமான மூலைக் கோபுரம், தடித்த சுவர். ஃபெர்மனாவில் மனேய் கோட்டை இன்னும் அழகு, ஸ்காட்லாந்துப் பாணி. போனால் பார்க்கத் தவறாதீர்கள், கூட்டமே இருக்காது.

ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். அந்த "1000 ஏக்கர்" நிஜ 1000 ஏக்கர் இல்லை. ஐரிஷ் நிலப் பிரிவுகளை அப்படியே எடுத்து, ஒரு 'பாலிபோ' என்றால் 60 ஏக்கர், ஃபெர்மனாவில் ஒரு 'டேட்' என்றால் 30 ஏக்கர் என்று எழுதிவிட்டார்கள். அவை உண்மையில் பல மடங்கு பெரியவை. சதுப்பும் காடும் "பயனற்ற நிலம்" என்று கணக்கில் வராமல் இலவசமாக ஒட்டிக்கொண்டு வந்தன. ஆகவே குறிஞ்சியின் 160 ஏக்கர் மூலை அவ்வளவு நெருக்கடியாக இருந்திருக்காது. ஆனால் இதன் மறுபக்கம்தான் முக்கியம். அவ்வளவு பெரிய நிலத்தைப் பத்துக் குடும்பத்தால் உழ முடியாது.

மீனாள்:

ஆயுள் குத்தகைக் கேள்விக்கு வருகிறேன். தொழில் முறையில் பத்திரங்களோடு புரள்கிறவள் என்பதால் இது எனக்குப் பிடித்த பகுதி.

பத்திரத்தில் மூன்று பேருடைய பெயர்கள் எழுதப்படும். அந்த மூவரில் கடைசி ஆள் உயிரோடிருக்கும் வரை குத்தகை செல்லும். அவர்கள் நிலத்தில் இருக்க வேண்டும் என்றில்லை, குத்தகைக்காரரின் சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. வழக்கமாகத் தன் பெயர், மனைவி பெயர், ஒரு பிள்ளையின் பெயர் போடுவார்கள். புத்திசாலிகள் நோஞ்சான் இல்லாத சின்னக் குழந்தையாகப் பார்த்துப் போடுவார்கள். பின்னாளில் ராஜகுடும்பத்துப் பிள்ளைகளின் பெயரைப் போடும் வழக்கமும் வந்தது. நல்ல சாப்பாடு, நல்ல வைத்தியம், செத்தாலும் ஊருக்கே தெரியும், யாரும் வழக்காட வேண்டாம்!

செத்தாரா இல்லையா என்பதுதான் பெரிய தகராறு. கப்பலேறிப் போனவன் உயிரோடிருக்கிறான் என்று குத்தகைக்காரர் சொல்வார். இல்லை என்று நிலக்காரர் சொல்வார். 1695-இல் அயர்லாந்துப் பாராளுமன்றம் இதற்கென்றே சட்டம் போட்டது. ஏழு வருடம் காணாமல் போய், உயிரோடிருப்பதற்குச் சாட்சியும் இல்லையென்றால், இறந்ததாகக் கொள்ளலாம்.

சட்டத்தின் பார்வையில் இன்னொரு விசித்திரம். ஆயுள் குத்தகை 'ஃப்ரீஹோல்டு', அதாவது நிலவுரிமையின் ஒரு வடிவம். வருடக் குத்தகை வெறும் அசையும் சொத்து மாதிரி. 999 வருடக் குத்தகை வைத்திருப்பவனுக்கு அதை வைத்து மாவட்டத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஒரே ஒரு கிழவனின் ஆயுளுக்குக் குத்தகை எடுத்தவனுக்கு, வருடம் 40 ஷில்லிங் பெறுமானம் இருந்தால், ஓட்டு உண்டு. 1793-இல் கத்தோலிக்கருக்கும் ஓட்டுரிமை வந்ததும் நிலப்பிரபுக்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆயுள் குத்தகை எழுதிக் கொடுத்ததன் ரகசியம் இதுதான். 1829-இல் அந்த வரம்பு 10 பவுண்டாக உயர்ந்தது, ஓட்டுக்காகக் குத்தகை கொடுக்கும் தேவையும் போயிற்று.

வடகரை:

> சொந்த ஊர்க்காரன் இரண்டு மடங்கு கட்ட வேண்டும்

நீங்கள் எல்லாரும் பத்திரத்தின் அழகில் மயங்கி நிற்கிறீர்கள். நிலம் யாருடையது என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. படையெடுத்து வந்தவன் பறித்தான், தன் மதத்துக்காரனுக்குக் கொடுத்தான். மூன்று ஆயுளா, 21 வருடமா என்பதெல்லாம் திருடிய பொருளைப் பங்கு பிரிக்கும் கணக்கு. இதில் 'நிபந்தனை', 'கடமை' என்று பேசுவது எனக்கு உறுத்துகிறது.

ஏட்டுச்சுவடி:

நண்பரே, அந்தக் கேள்வி அப்போதே எழுந்தது. கோர்ட்டிலேயே எழுந்தது. 1610-இல் கேவன் மாவட்டத்து ஐரிஷ்காரர்கள் டப்ளின் பக்கத்திலிருந்து ஒரு வக்கீலைப் பிடித்து வந்தார்கள். வாதம் எளிமையானது: "தலைவர் செய்த துரோகத்துக்குத் தலைவரின் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நிலம் எங்களுக்கு வாரிசுரிமையாக வந்தது, அதை எப்படி எடுக்க முடியும்?"

எதிர்த்து வாதாடியவர் அட்டர்னி ஜெனரல் ஜான் டேவிஸ். ஐரிஷ் வழக்கப்படி தலைமை தேர்தலில் கைமாறுகிறது, சாதாரண நிலமோ குலத்துக்குள் திரும்பத் திரும்பப் பிரிகிறது. ஆகவே ஆங்கிலச் சட்டம் ஏற்கும் வாரிசுரிமை இவர்களில் யாருக்குமே இல்லை, எல்லாம் அரசரின் கையில் என்றார். இதே டேவிஸ் 1606-இல் அந்தப் பக்கம் சுற்றுப்பயணம் போனபோது, தலைவர்களின் பிடியைத் தளர்த்துவதற்காகச் சிறு நிலவுடைமையாளர்களை அங்கீகரிக்கும் பக்கம் நின்றவர். பிரபுக்கள் ஊரை விட்டுப் போனதும் அந்தச் சிறு உடைமையாளர்கள் தேவைப்படவில்லை. சட்டம் தெரிந்த ஒரு மனிதர் நான்கு வருடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நிலம் கிடைத்த ஐரிஷ்காரர்களின் நிலையையும் பாருங்கள். அர்ட் மக்பாரன் ஓ'நீல், ஹியூவுக்கு ஒரே தந்தைக்கு வேறு தாய் வயிற்றில் பிறந்த சகோதரர். அவரை ஓ'நீலண்டில் இருந்த நிலத்திலிருந்து கிளப்பி ஓரியரில் 2000 ஏக்கர் கொடுத்தார்கள். அதுவும் அவர், அவர் மனைவி ஆகியோரின் ஆயுளுக்கு மட்டும். பிள்ளைகளுக்குக் கிடையாது. காலி செய்த நிலம் ஆங்கில அண்டர்டேக்கர்களுக்குப் போயிற்று.

கரிசல்காட்டான்:

இது தெரியாது, நன்றி. ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. கோர்ட்டில் தோற்றார்கள், வெளியேற உத்தரவும் வந்தது. பிறகு ஏன் வெளியேறவில்லை?

ஏட்டுச்சுவடி:

ஏனென்றால் அவர்களை வெளியேற்ற வேண்டியவருக்கே அவர்கள் தேவைப்பட்டார்கள். இந்த முழு விவகாரத்தின் முடிச்சும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அண்டர்டேக்கரின் இடத்தில் நின்று பாருங்கள். கையில் பட்டயம். நிலம் பரந்து கிடக்கிறது. இங்கிலாந்திலிருந்து குடும்பங்களைக் கூட்டி வரச் செலவு, வந்தவர்களுக்கு வீடு கட்டும் வரை வருமானம் பூஜ்யம். வந்தவர்களும் "குறைந்த குத்தகை, நீண்ட தவணை இல்லையென்றால் வர மாட்டோம்" என்கிறார்கள். அவர்களுக்கு வேறு இடம் இருக்கிறது. ஐரிஷ் குடியோ ஏற்கனவே அங்கே இருக்கிறான், மாடு வைத்திருக்கிறான். போக்கிடம் இல்லாததால் கேட்ட குத்தகையைக் கொடுக்கிறான். பத்திரம் கேட்கக் கூட அவனால் முடியாது, ஏனென்றால் அவன் அங்கே இருப்பதே சட்டவிரோதம். நிலக்காரருக்கு இதைவிட வசதியான குடி கிடைப்பானா?

வெளியேறும் கெடு 1611 மே என்று வைத்தார்கள், தள்ளிப் போட்டார்கள், மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். முதல் அறுவடைக்கும் பாலுக்கும் இறைச்சிக்கும் குடியேறியவர்களே ஐரிஷ்காரர்களை நம்பித்தான் இருந்தார்கள். செர்விட்டர்களின் நிலத்திலும் பிஷப்புகளின் நிலத்திலும் ஐரிஷ் குடிகள் இருக்க அனுமதியே இருந்தது.

1618 டிசம்பரிலிருந்து 1619 மார்ச் வரை நிக்கோலஸ் பின்னார் என்ற அதிகாரி ஒவ்வொரு பங்காகப் போய்ச் சோதனை போட்டார். அவருடைய அறிக்கை வாசிக்க வாசிக்கச் சுவையானது. கோட்டை பாதி நிற்கிறது, கூரை இல்லை. முதலாளி ஊரில் இல்லை. குடிகள் இருக்கிறார்கள், ஆனால் குத்தகைப் பத்திரம் எங்கே என்றால் "தருவதாகச் சொல்லியிருக்கிறார்" என்கிறார்கள். முடிவில் பொதுவாக ஒன்று சொல்கிறார். ஆங்கிலக் குடிகள் பலர் உழவே தொடங்கவில்லை, மாடும் வேலையாளும் சேர்க்கப் பயப்படுகிறார்கள். ஐரிஷ்காரர்களும் உழுவதில்லை, எப்போது கிளப்புவார்களோ என்று மேய்ச்சலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்துக் குடிகள் மட்டும் பல இடங்களில் உழாமல் போயிருந்தால் மற்றவர்கள் பட்டினிதான் என்கிறார்.

நிலம் நாளை தன்னுடையதா என்று தெரியாதவன் அதில் உரம் போடமாட்டான். திட்டம் எழுதிய அதிகாரிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் "குடிகளுக்கு நிச்சயமான தவணை, நிச்சயமான குத்தகை கொடு" என்ற நிபந்தனையையே போட்டார்கள். ஐரிஷ் நிலக்காரர்களுக்கும் அதே நிபந்தனை உண்டு. ஆனால் நிபந்தனை அரசருக்கும் அண்டர்டேக்கருக்கும் நடுவே. குடிக்கு அதை வைத்து வழக்குப் போட வழியில்லை.

குறிஞ்சி:

அபராதம் போடவில்லையா? அவ்வளவு அறிக்கை எழுதினார்களே.

மீனாள்:

போட்டார்கள். அப்புறம் அபராதமே வருமானம் என்று கண்டுகொண்டார்கள். 1628-இல் வந்த ஏற்பாடு இதுதான்: அண்டர்டேக்கர்கள் 1000 ஏக்கருக்கு 30 பவுண்டு கட்டிப் புதுப் பட்டயம் வாங்கிக்கொள்ளலாம், வருடத் தீர்வை இரட்டிப்பாகும். பதிலுக்கு நிலத்தில் கால்பங்கை ஐரிஷ்காரர்களுக்குக் குத்தகை விடலாம். ஏட்டுச்சுவடி சொன்ன கணக்கைப் பாருங்கள். 5 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ் இரட்டித்தால் 10 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். ஐரிஷ் நிலக்காரர் 1610-இலிருந்து கட்டிவந்த அதே தொகை.

ஐரிஷ் குடிகள் கூடாது என்று எழுதிய தடை இருபது வருடம்கூடத் தாங்கவில்லை. அரசுக்குப் பணம், அண்டர்டேக்கருக்குச் சட்டப் பாதுகாப்பு. குடிக்கு? கால்பங்கு நிலத்தில் சட்டப்படி நிற்கலாம். மீதி முக்கால் பங்கில் இருந்தவர்கள் பழையபடியே, எந்த நாளும் கிளப்பப்படலாம்.

பெல்ஃபாஸ்ட்வாசி:

லண்டன் கம்பெனிகளை விட்டுவிட்டீர்கள். கோல்ரெய்ன் மாவட்டத்தை விரிவாக்கி லண்டன்டெர்ரி என்று பெயர் வைத்து, 1613 பட்டயத்தின் மூலம் லண்டன் நகரத்திடம் கொடுத்தார்கள். நகரத்தின் பன்னிரண்டு பெரிய வணிகக் கம்பெனிகள், மளிகைக்காரர்கள், மீன் வியாபாரிகள், பொற்கொல்லர்கள், உப்பு வியாபாரிகள் என்று, ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டன. டெர்ரி நகரத்து மதிலை 1613-இலிருந்து 1619-க்குள் கட்டி முடித்தார்கள். இன்றும் முழுசாகச் சுற்றி வரலாம்.

கிராமப்புறத்தில் கதை வேறு. பல கம்பெனிகள் தங்கள் பங்கை மொத்தமாக ஒரு ஆளிடம் குத்தகைக்கு விட்டு ஒதுங்கிக்கொண்டன. ஹேபர்டேஷர்ஸ், க்ளாத்வொர்க்கர்ஸ் இரண்டின் நிலமும் ராபர்ட் மக்லெல்லன் என்ற ஸ்காட்லாந்துக்காரரிடம் போயிற்று. அவர் தன் ஊர்க்காரர்களைக் கொண்டுவந்து இறக்கினார். மற்ற இடங்களில் ஐரிஷ் குடிகள் அப்படியே. லிமவாடியில் இருந்த தாமஸ் பிலிப்ஸ் என்ற பழைய படைத்தலைவர் இதை வருடக்கணக்காக அரசரிடம் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் 1635-இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் லண்டன் நகரத்துக்கு 70,000 பவுண்டு அபராதம் விதித்துப் பட்டயத்தையும் பறித்தது. பிறகு பேரம் பேசி 12,000 பவுண்டில் முடித்தார்கள். முதலாம் சார்லஸுக்கு அப்போது காசு எவ்வளவு அவசரம் என்பது தெரிந்ததுதானே.

கரிசல்காட்டான்:

மீனாள், நான் கேட்ட இன்னொன்று: குடி கொடுக்க வேண்டியது பணம் மட்டும்தானா?

மீனாள்:

இல்லவே இல்லை. பத்திரம் பார்த்தால் பணம் முதல் வரி, அதற்குப் பின்னால் ஒரு வால்.

பணம் வருடத்துக்கு இரண்டு தவணை, வழக்கமாக மே தொடக்கத்திலும் நவம்பர் தொடக்கத்திலும். அயர்லாந்தில் மாடு, பால், வேலையாள் கணக்கெல்லாம் அந்த இரண்டு நாளில்தான் திரும்பும். அதோடு பண்டிகைக்குக் கொழுத்த கோழிகள். வருடத்தில் சில நாள் ஆளும் குதிரையும் நிலக்காரர் வேலைக்குப் போக வேண்டும்: கரி வெட்டி வண்டியில் கொண்டுவருவது, அறுவடை. பழைய ஐரிஷ் தலைவர்கள் வாங்கிய விருந்துச் செலவு, படைச் சோறு எல்லாம் கொடுமை என்று சொல்லி ஒழித்தவர்கள், அதன் இடத்தில் எழுதி வைத்த சின்ன வெட்டி வேலையைக் கொண்டுவந்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறுக்க மாட்டேன்: பழையது தலைவன் வரும்போது எவ்வளவு கேட்பான் என்று தெரியாது, புதியதில் எண்ணிக்கை எழுதியிருக்கும்.

தானியத்தை நிலக்காரரின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைகூலியாக ஒரு பங்கு அங்கே போகும். தகராறு என்றால் நிலக்காரரின் மேனர் கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும். குத்தகைக்காரர் செத்தால் 'ஹெரியட்' என்று சொல்லி, இருப்பதில் நல்ல மாட்டையோ குதிரையையோ ஓட்டிக்கொண்டு போவார்கள். மரம், கனிமம், வேட்டை எல்லாம் நிலக்காரருக்கு. புகைபோக்கியோடு வீடு கட்டு, வேலி போட்டு வயலை அடை, ஆப்பிள் தோப்பு வை என்ற மாதிரி விதிகளும் வரும். தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டரில் ரிச்சர்ட் பாயில் என்ற நிலக்காரர் இதில் கெட்டிக்காரர். வால்டர் ராலே 42,000 ஏக்கர் பட்டயத்தை 1602-இல் இவரிடம் 1,500 பவுண்டுக்கு விற்றுவிட்டுப் போனார். பாயில் அதைக் கட்டிடமும் தோப்பும் போடும் நிபந்தனையோடு குடிகளுக்குக் குத்தகை விட்டுப் பெரும் பணக்காரரானார்.

ஆயுதமும் உண்டு. அணிவகுப்புக்கு ஒரு ஆளை ஆயுதத்தோடு அனுப்ப வேண்டும் என்பது பல பத்திரங்களில் குடியின் கடமை. 1630 வாக்கில் எடுத்த அணிவகுப்புப் பட்டியலில் அல்ஸ்டர் முழுக்க ஏறக்குறைய 13,000 ஆண்கள். அவர்களில் பலர் கையில் ஒன்றுமே இல்லை, இருப்பவர்களிடமும் வாளும் ஈட்டியும்தான் அதிகம், துப்பாக்கி சொற்பம்.

எல்லாவற்றிலும் கொடுமையானது ஜப்தி. குத்தகை பாக்கி நின்றால், நிலத்தின் மேல் நிற்கும் மாட்டைப் பிடித்துக்கொள்ளலாம். யாருடைய மாடு என்று கேள்வி கிடையாது. நடுவில் ஒரு இடைத்தரகர் குத்தகை எடுத்து உங்களுக்கு உள்குத்தகை விட்டிருக்கிறார், நீங்கள் அவருக்கு ஒழுங்காகக் கட்டிவிட்டீர்கள், அவர் மேலே கட்டவில்லை என்று வையுங்கள். மேல் நிலக்காரர் உங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். சட்டம் அவர் பக்கம். ரசீது இருந்தாலும் பயனில்லை.

குறிஞ்சி:

கட்டினவன் மாடு போகுமா?! இது எந்த ஊர் நியாயம் அக்கா.

மீனாள்:

ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் நியாயம். அங்கேயும் அப்படித்தான். ஆனால் அயர்லாந்தில் இடைத்தரகர் அடுக்கு மேலே மேலே ஏறிக்கொண்டே போனதால் அடி பலமாக விழுந்தது.

வடகரை:

மீனாளின் பட்டியல் என் பக்கம்தான் பேசுகிறது. ஆனால் ஏட்டுச்சுவடி "பொருளாதாரமே முடிச்சு" என்பதை நான் ஏற்கவில்லை. 1641 அக்டோபர் 22 இரவு சார்லமான்ட் கோட்டையைப் பிடித்த ஃபெலிம் ஓ'நீல் யார்? பட்டயம் பெற்ற ஐரிஷ் நிலக்காரர். நிலத்தை இழக்காதவர். கடன் இருந்தது, அடமானம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடன்பட்டவர்கள் எல்லாரும் கோட்டையைப் பிடிப்பதில்லை.

பின்னால் நடந்ததைப் பாருங்கள். 1652-இல் க்ராம்வெல் அரசின் சட்டம், பிறகு கத்தோலிக்க நிலக்காரர்களை மேற்கே கனாட்டுக்கு அனுப்பியது, 1704 சட்டம். அந்த 1704 சட்டம் குத்தகைப் பத்திரத்துக்குள்ளேயே மதத்தைக் கொண்டுவந்தது. கத்தோலிக்கன் 31 வருடத்துக்கு மேல் குத்தகை எடுக்கக் கூடாது. ஆயுள் குத்தகை கிடையவே கிடையாது. குத்தகைத் தொகை நிலத்தின் வருட மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது. நன்றாக உழைத்து லாபம் அந்த வரம்பை மீறினால், அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் புராட்டஸ்டன்ட் ஒருவருக்குக் குத்தகையே போய்விடும். லாபக் கணக்குப் பார்க்கிற நிலக்காரர் இப்படி ஒரு சட்டம் கேட்பாரா? நல்ல குடியைச் சோம்பேறியாக்கும் சட்டம் இது.

ஏட்டுச்சுவடி:

1704 பற்றி நீங்கள் சொல்வது சரி. அங்கே மதமே முதல் காரணம், லாபத்துக்கு எதிராகவே அந்தச் சட்டம் வேலை செய்தது. நான் சொன்னது 1610-லிருந்து 1641 வரை. அந்த முப்பது வருடத்தில் மதத்தின் பேரால் எழுதிய விதியைக் குத்தகைப் பணம் ஒவ்வொரு வருடமும் தின்றுகொண்டிருந்தது.

மதம் ஒன்றே காரணம் என்றால் இன்னொன்றை விளக்குவது கடினம். திட்டத்தை நடத்திய லார்டு டெபுடி (அயர்லாந்தில் அரசரின் பிரதிநிதி) ஆர்தர் சிச்செஸ்டருக்கு ஆன்ட்ரிமிலும் இனிஷோவெனிலும் பெரும் நிலம். அவருடைய குடும்பம் பின்னாளில் டொனகால் பிரபுக்கள். 1770 வாக்கில் ஆன்ட்ரிமில் அவர்களுடைய பல குத்தகைகள் ஒரே சமயத்தில் முடிந்தன. புதுப்பிக்கப் பெரிய முன்பணம் கேட்டார்கள். கொடுக்க முடிந்த பெல்ஃபாஸ்ட் வியாபாரிகள் எடுத்து, பழைய குடிகளுக்கே அதிக விலைக்கு உள்குத்தகை விட்டார்கள். கிளம்பியவர்கள் யார்? குடியேறி வந்த பிரஸ்பிட்டேரியன்களின், அதாவது ஸ்காட்லாந்துப் புராட்டஸ்டன்ட் பிரிவினரின், பேரப்பிள்ளைகள். 'எஃகு இதயங்கள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு மாட்டை வெட்டினார்கள், வைக்கோலை எரித்தார்கள், 1770 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் படைமுகாமிலிருந்து தங்கள் ஆளை மீட்டுக்கொண்டு போனார்கள். சிலர் கப்பலேறி அமெரிக்கா போனார்கள்.

வடகரை:

அவர்களுக்குக் கப்பல் இருந்தது, புதுப்பிக்கப் பத்திரமாவது இருந்தது. என் ஆட்களுக்கு இரண்டும் இல்லை. அந்த வித்தியாசத்தை விடமாட்டேன்.

பெல்ஃபாஸ்ட்வாசி:

விட வேண்டாம். ஆனால் அல்ஸ்டரில் பத்திரம் இல்லாதவனுக்கும் மெல்ல ஒரு பிடிமானம் உருவாயிற்று. வெளியேறும் குடி தன் 'உரிமையை' அடுத்து வருகிறவனுக்கு விலைக்கு விற்கலாம் என்று ஒரு வழக்கம், அல்ஸ்டர் கஸ்டம் என்பார்கள். சட்டத்தில் அது 1870 வரை இல்லை. அந்த வருடம் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் நிலச் சட்டம் அதை ஒப்புக்கொண்டது.

கரிசல்காட்டான்:

அந்த வழக்கம் எப்படித் தொடங்கியது? 1610 நிபந்தனைகளிலிருந்தா?

மீனாள்:

அங்கிருந்துதான் என்று அல்ஸ்டர் விவசாயிகள் 19-ஆம் நூற்றாண்டில் மேடை மேடையாகச் சொன்னார்கள்: "நிச்சயமான தவணை கொடு என்று ஜேம்ஸ் அரசர் எங்கள் பாட்டன்களுக்காக எழுதி வைத்தார்" என்று. நிலக்காரர்கள் இல்லவே இல்லை என்றார்கள். நிபந்தனையில் அப்படி ஒரு விற்பனை உரிமை எழுதவில்லை என்பது உண்மை. என் பார்வையில் குடிகள் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், தன் செலவில் வீடும் வேலியும் போட்டவனைச் சும்மா அனுப்ப முடியாமல் நிலக்காரர்கள் கண்டுகொள்ளாமல் விட்டதுதான் அது. பாக்கி வைத்துப் போகிறவனின் கடனை அந்த விற்பனைப் பணத்திலிருந்து முதலில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அவர்களுக்கும் நஷ்டமில்லை.

தனி இழை தொடங்குங்கள் கரிசல், 1870 சட்டத்தின் பிரிவுகளோடு வருகிறேன். இங்கே போட்டால் குறிஞ்சி மறுபடி கூட்டல் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.